கடலோரச் சூழலியலில் ஆராய்ச்சி வாய்ப்பு: யாரிடம், எப்போது, எப்படிக் கேட்பது

கேள்வி கேட்டிருப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் இளநிலைப் படிப்பின் கடைசி வருடம். கடலோர உயிரினங்களில் ஆராய்ச்சி அனுபவம் வேண்டும், டைவிங் கற்றுக்கொண்டால் போதுமா, விளம்பரம் எங்கே வரும் என்கிறார். இன்னொருவர் முனைவர் பட்ட ஆய்வேட்டை முடிக்கும் கட்டத்தில் இருக்கிறார். போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி, எப்படிப் பிடிப்பது என்கிறார். இரண்டு பேருக்கும் பொதுவானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் விளம்பரத்துக்காகக் காத்திருப்பவருக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும். ஒரு லேபில் இப்போது எந்தக் கேள்வியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுடைய களப்பணி எந்த மாதம் ஆரம்பிக்கிறது, இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு அதற்கு ஏழெட்டு மாதம் முன்பே போய்க் கேட்பவருக்குத்தான் இடம் அமைகிறது.

ஏன் அத்தனை மாதம் முன்பே என்றால், வேலையின் நேரத்தை இங்கே கடல்தான் முடிவு செய்கிறது. பாறைக் கரையில் வேலை செய்பவர்களுக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய வற்றம்தான் வேலை நாள். கரையின் மிகக் கீழ்ப்பகுதி அப்போதுதான் வெளியே தெரியும், அதுவும் ஓரிரண்டு மணி நேரத்துக்கு. 50 செ.மீ.க்கு 50 செ.மீ. சதுரச் சட்டம், அதன் குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டி 100 புள்ளிகள். ஒருவர் குனிந்து ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே இருப்பது கொட்டலசா (பாறையில் ஒட்டிக்கொண்டு வாழும் ஓட்டுயிரி), மட்டியா, பாசியா, வெறும் பாறையா என்று சொல்லிக்கொண்டே போவார், இன்னொருவர் நனைந்தாலும் கிழியாத தாளில் பென்சிலால் எழுதுவார். அப்புறம் அடுத்த சட்டம். தண்ணீர் ஏறுவதற்குள் எல்லாச் சட்டமும் முடிய வேண்டும், விட்டால் அடுத்த பெரிய வற்றம்வரை காத்திருக்க வேண்டியதுதான். போன வருடம் எண்ணிய அதே இடத்தைக் கண்டுபிடிக்கப் பாறையில் துளையிட்டு போல்ட் அடித்து வைத்திருப்பார்கள். ஆகவே எந்தெந்த வாரம் எத்தனை கை வேண்டும் என்பது லேபுக்கு முன்கூட்டியே தெரியும், ஆள் எடுப்பதும் முன்கூட்டியே முடிந்துவிடும். வடகோளத்தில் ஜூனில் ஆரம்பிக்கும் வேலைக்கு ஏப்ரலில் மெயில் போட்டால் 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்று பதில் வருவது இதனால்தான், உங்கள் மதிப்பெண்ணால் இல்லை.

இதில் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. ஆழ்கடல் ஆய்வுக்குக் கப்பல் வேண்டும், கப்பலில் இடம் பிடிக்கவே தனிப் போராட்டம். கரையில் அப்படி இல்லை. ஜோசப் கானல் ஸ்காட்லாந்தின் மில்போர்ட் கரையில் இரண்டு வகைக் கொட்டலசுகளில் எது எதை எங்கே நெருக்கித் தள்ளுகிறது என்று பார்த்த வேலை, அவர் கிளாஸ்கோவில் முனைவர் பட்டத்துக்காக ஆரம்பித்தது; 1961-இல் வெளிவந்த அந்தக் கட்டுரை இல்லாத சூழலியல் பாடநூல் அபூர்வம். ராபர்ட் பெயின் வாஷிங்டன் கரையில் 1963-இல் ஆரம்பித்த வேலைக்குக் கருவி என்று பார்த்தால் ஒரு கடப்பாரை. பிசாஸ்டர் என்ற நட்சத்திர மீனைப் பாறையிலிருந்து பெயர்த்துக் கடலுக்குள் வீசினார், வீசிக்கொண்டே இருந்தார். மட்டிகள் இடத்தை ஆக்கிரமித்தன, அந்தத் துண்டுக் கரையில் அவர் கணக்கில் வைத்திருந்த 15 இனங்கள் 8 ஆகக் குறைந்தன. ஒரே ஒரு இனம் போனால் மொத்தச் சமூகமே மாறிவிடும் என்ற 'கீஸ்டோன்' இனக் கருத்து அங்கிருந்து வந்தது. கூர்மையான கேள்வியும், ஒரு இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும் பிடிவாதமும் இருந்தால் மாணவரே பெரிய வேலை செய்யக்கூடிய துறை இது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, எங்கே கேட்பது? என் கருத்தில், பல வருடமாக ஒரே இடத்தில் தரவு சேர்த்துவரும் நிலையங்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும். அங்கே வேலை நிற்பதே இல்லை, ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அமெரிக்காவின் நீண்டகாலச் சூழலியல் ஆய்வு வலையமைப்பு 1980-இல் தொடங்கியது, அதில் கடலோரத் தளங்கள் பல உண்டு. சாண்டா பார்பராவில் கெல்ப் என்ற ராட்சதப் பாசிக் காடுகள், பிரெஞ்சுப் பாலினேசியாவின் மூரேயாவில் பவளத்திட்டு, வர்ஜீனியாவிலும் ஜார்ஜியாவிலும் உவர்ச்சதுப்பு. செசபீக் விரிகுடா ஓரத்தில் ஸ்மித்சோனியன் சூழலியல் ஆய்வு மையம் சதுப்புச் செடிகளுக்குக் கூடுதல் கரியமில வாயு கொடுத்துப் பார்க்கும் சோதனையை 1987 முதல் நடத்திவருகிறது. ஐரோப்பாவில் நேப்பிள்ஸ், ரோஸ்காஃப் நிலையங்கள் இரண்டும் 1872-இல் தொடங்கியவை. பிளிமத்தில் இருக்கும் கடல் உயிரியல் சங்கம் 1884-இல். வெப்பமண்டலக் கடற்கரை என்றால் ஜெர்மனியின் பிரெமனில் உள்ள லைப்னிட்ஸ் மையம், பனாமாவில் ஸ்மித்சோனியனின் வெப்பமண்டல ஆய்வு நிறுவனம், ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகம். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்களைப் பிடித்து வைத்திருக்கும் வாழிடம் எது என்று முடிவு செய்யுங்கள், அதில் வரும் கட்டுரைகளை ஒரு மாதம் படியுங்கள், திரும்பத் திரும்ப வரும் நாலைந்து பெயர்கள்தான் உங்கள் பட்டியல்.

இளநிலை மாணவருக்கு ஒரு எச்சரிக்கை. தேடினால் முதலில் கண்ணில் படுவது அமெரிக்காவின் ஆர்.இ.யு. (REU) என்ற, இளநிலை மாணவர்களுக்கான கோடைக்கால ஆய்வுத் திட்டம். அருமையான திட்டம், உதவித்தொகை உண்டு, பத்து வாரத்தில் சொந்தமாக ஒரு சின்ன ஆய்வை முடித்து போஸ்டரே போட்டுவிடலாம். ஆனால் அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களுக்கும் மட்டும். இது தெரியாமல் பத்துப் பதினைந்து இடத்துக்கு விண்ணப்பம் எழுதி நேரத்தைத் தொலைப்பவர்கள் நிறைய. எந்த அறிவிப்பைப் பார்த்தாலும் முதலில் தகுதிப் பத்திக்குப் போங்கள், படம் பார்ப்பதெல்லாம் அப்புறம். எந்த நாட்டவருக்கும் திறந்திருப்பவையும் உண்டு. ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் (OIST) ஆய்வு இன்டர்ன்ஷிப் தருகிறது, தங்குமிடமும் படியும் அவர்கள் பொறுப்பு, வளாகமே பவளக் கடலோரத்தில்தான். சவுதியின் காஸ்ட் (KAUST) பல்கலைக்கழகம் மூன்று முதல் ஆறு மாதம்வரை வருகைதரு மாணவர்களை எடுக்கிறது, செங்கடல் ஆய்வுக்கு அது முக்கியமான இடம். முதுநிலைக்குப் போய்விட்டால் ஸ்மித்சோனியனின் பத்து வார மாணவர் ஃபெலோஷிப்பும் வெளிநாட்டவருக்கு உண்டு.

காசு வாங்கிக்கொண்டு 'கடல் பாதுகாப்பு தன்னார்வலர்' ஆக்கும் நிறுவனங்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: போன மூன்று வருடத் தரவு எங்கே போனது? ஏதாவது கட்டுரையில் வந்திருக்கிறதா, பொதுத் தரவுத்தளத்தில் ஏறியிருக்கிறதா, உள்ளூர் நிர்வாகம் பயன்படுத்துகிறதா? பதில் மழுப்பலாக இருந்தால் அது டைவிங் சுற்றுலா, ஆராய்ச்சி அனுபவம் இல்லை. சுற்றுலா போக ஆசை என்றால் தாராளமாகப் போங்கள், விண்ணப்பத்தில் ஆராய்ச்சி என்று மட்டும் எழுத வேண்டாம், நேர்காணலில் ரெண்டே கேள்வியில் தெரிந்துவிடும்.

டைவிங் போதுமா என்று கேட்டீர்கள். போதாது, பல லேபுகளில் தேவையே இல்லை. சதுப்பு, கழிமுகம், சேற்றுக் கரை, கடற்புல், அலையாத்திக் காடு, இவற்றில் பெரும்பாலான வேலை முழங்கால் சேற்றில்தான். அதோடு, பொழுதுபோக்கு டைவிங் சான்றிதழை வைத்துக்கொண்டு ஆய்வுக்காகத் தண்ணீருக்குள் இறங்க விடவும் மாட்டார்கள். அமெரிக்க நிறுவனங்களில் அறிவியல் டைவருக்கு 100 மணி நேரப் பயிற்சி, அதில் குறைந்தது 12 திறந்த நீர் முக்குளிப்பு என்று விதி இருக்கிறது. ஐரோப்பாவில் தனியாக ஒரு சான்றிதழ் முறை. பெரும்பாலும் லேபில் சேர்ந்த பிறகு அவர்களே அனுப்பிவைப்பார்கள். கையில் காசு குறைவு என்றால் அதை டைவிங்கில் போடாதீர்கள். உண்மையில் ஆள் பஞ்சம் இரண்டு இடத்தில். ஒன்று, ஆர் (R) என்ற நிரல்மொழியில் தரவைச் சுத்தம் செய்து, கலப்பு மாதிரிகள் (mixed models) என்ற புள்ளியியல் கணக்குகளை ஓட்டி, வந்த விடையை நம்பலாமா என்று சொல்லத் தெரிந்தவர்கள். இன்னொன்று, உயிரினத்தைப் பார்த்தவுடன் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள். நீரில் மிதக்கும் டிஎன்ஏவை வைத்து இனங்களைக் கண்டுபிடிக்கும் முறை வந்துவிட்டதால் வகைப்பாட்டியல் தெரிந்தவர் தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. ஒப்பிட்டுப் பார்க்கும் நூலகத்தில் சரியான பெயர் ஒட்டிய மாதிரி இல்லையென்றால் அந்த டிஎன்ஏ வரிசை பெயரில்லாத எழுத்துக் கூட்டம்தான். பாலிகீட் என்ற கடற்புழுக்களையோ, இறால் போன்ற சின்ன ஆம்ஃபிபாட்களையோ பிரித்துச் சொல்லத் தெரிந்தவருக்கு லேபுகளில் இருக்கும் மரியாதையை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

கடலிலிருந்து தூரத்தில் இருக்கிறேன், எந்த லேபும் பக்கத்தில் இல்லை என்றால் அது ஒரு தடை இல்லை. சாண்டா பார்பரா தளத்தின் கெல்ப் காட்டுக் கணக்கெடுப்பு 2000 முதலும், மூரேயாவின் பவளத் தரவு அதற்கு ஐந்து வருடம் கழித்தும் தொடங்கி ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டும் பொதுவில் கிடைக்கின்றன, யாரும் இறக்கிக்கொள்ளலாம். உலகக் கடல் உயிரினப் பதிவுகளுக்கு ஓபிஸ் தரவுத்தளம், அலையாத்திக் காடுகளின் பரப்புக்கு குளோபல் மாங்குரோவ் வாட்ச். ஒன்றை எடுத்து ஒரு சின்னக் கேள்வி கேளுங்கள். கடல் வெப்ப அலை வந்த வருடத்துக்கு முன்னும் பின்னும் ஒரே ஒரு இனத்தின் எண்ணிக்கை எப்படி மாறியது, எந்தத் தளம் சீக்கிரம் மீண்டது, இவ்வளவு போதும். நாலு வரைபடம், இரண்டு பக்க விளக்கம், கோடை முழுக்க உட்கார்ந்து எழுதிய கோட், எல்லாவற்றையும் பொதுவில் போட்டுவிட்டு மெயிலில் இணைப்பாகக் கொடுங்கள். ஆர்வம் இருக்கிறது என்று பத்து வரி எழுதுவதைவிட இது ஒன்று பேசும்.

மெயில் பற்றியே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் தோற்பது அங்கேதான். 'சிறு வயதிலிருந்தே எனக்குக் கடல் மீது தீராத காதல், தங்கள் மதிப்புமிக்க ஆய்வகத்தில் ஒரு வாய்ப்பு அளித்தால்' என்று தொடங்கும் மெயிலை ஒரு பேராசிரியர் வாரத்துக்கு எத்தனை பார்ப்பார் என்று நினைக்கிறீர்கள்? பெயரை மாற்றி நூறு பேருக்கு அனுப்பியது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். இப்படி எழுதிப் பாருங்கள்: கடற்புல் அடர்த்தி குறைந்த இடங்களில் நத்தைகள் குறைவு என்று உங்கள் கட்டுரையில் இருந்தது, மீன்கள் தின்றதாலா, ஒளிய இடமில்லாமல் நத்தைகளே நகர்ந்துவிட்டதாலா என்று பிரித்துப் பார்க்க, மீன் நுழைய முடியாத கூண்டு வைத்துச் சோதனை செய்ய நினைத்திருக்கிறீர்களா? எனக்கு ஆர் தெரியும், இந்தத் தரவை வைத்துச் செய்த சின்ன வேலை இங்கே இருக்கிறது, ஜூன் முதல் ஆகஸ்ட்வரை வர முடியும், செலவுக்கு இந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். அவ்வளவுதான், ஏழெட்டு வரி. பதில் வந்து பேச அழைத்தால் அவர் திருப்பிக் கேட்கக்கூடிய கேள்வியும் இப்போதே சொல்கிறேன்: 'கூண்டுக்கு உன் கண்ட்ரோல் என்ன, அதாவது எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பாய்?' கூண்டு வைத்தாலே நீரோட்டம் குறையும், நிழல் விழும், வண்டல் படியும், ஆகவே கூண்டே இல்லாத இடம் மட்டும் போதாது, பக்கம் திறந்த அரைக்கூண்டும் வைக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பதிலே வரவில்லையா, இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள், அதற்கும் மௌனம் என்றால் விட்டுவிடுங்கள். களத்தில் இருப்பவர்கள் மாதக்கணக்கில் மெயில் பார்ப்பதில்லை. அந்த லேபின் முனைவர் பட்ட மாணவருக்கோ போஸ்ட்டாக்குக்கோ எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம், களத்துக்கு உதவி ஆள் தேடுவதும் அவர்கள்தான்.

முனைவர் பட்டத்துக்குப் போகும் வழி நாட்டுக்கு நாடு வேறு, அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வட அமெரிக்காவில் முதுநிலை இல்லாமலும் சேரலாம், ஐந்தாறு வருடம் ஆகும். துறைக்கு டிசம்பர் வாக்கில் விண்ணப்பம் என்றாலும் உங்களை எடுக்க ஒரு பேராசிரியர் முன்பே தயாராக இருக்க வேண்டும், ஆகவே ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள் பேசிவிட வேண்டும். ஐரோப்பாவில் அது பெரும்பாலும் வேலை மாதிரி: தலைப்பும் நிதியும் முடிவான இடத்துக்கு விளம்பரம் வரும், மூன்று நாலு வருடம், பொதுவாக முதுநிலை கேட்பார்கள். விளம்பரம் பார்க்க யூராக்ஸஸ் தளம் நல்லது. முதுநிலை இல்லாதவர்களுக்கு பிரெமன் பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல நீர்ச்சூழலியல் படிப்பையும், பெல்ஜியத்தின் கென்ட் (Ghent) பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் கடல் உயிர்வள முதுநிலைப் படிப்பையும் பார்க்கச் சொல்வேன், இரண்டாவதில் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் படிக்கலாம்.

இப்போது போஸ்ட்டாக்குக்கு வருகிறேன். இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒரு பேராசிரியரின் கிராண்ட்டில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும் வேலை. கேள்வி அவருடையது, கை உங்களுடையது, ஒன்று முதல் மூன்று வருடம். இரண்டு, நீங்களே நிதி கொண்டுபோகும் ஃபெலோஷிப்; கேள்வி உங்களுடையது. பிறகு சொந்தமாக லேப் வைக்கும் ஆசை இருந்தால் இரண்டாவது ஒருமுறையாவது கையில் இருப்பது நல்லது, ஆனால் முதல் போஸ்ட்டாக்காக முதல் வகை கிடைத்தால் தயங்காமல் எடுங்கள், வாடகை கட்ட வேண்டுமல்லவா. ஐரோப்பாவின் மேரி கியூரி ஃபெலோஷிப் எல்லா நாட்டவருக்கும் உண்டு, கெடு வழக்கமாக செப்டம்பரில். அதில் இடப்பெயர்வு விதியை மறக்காதீர்கள்: கெடுவுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் நீங்கள் போக நினைக்கும் நாட்டில் இருந்திருக்கக் கூடாது. ஏற்கெனவே அந்த நாட்டில் படித்துக்கொண்டிருப்பவர் அங்கேயே தொடர நினைத்தால் இந்த ஒரு விதியே கதவை அடைத்துவிடும். போட்டியும் கடுமை, 2025-இல் 17,000-க்கு மேல் விண்ணப்பங்கள் போயின. ஜெர்மனியின் ஹும்போல்ட் ஃபெலோஷிப்புக்கு வருடம் முழுக்க விண்ணப்பிக்கலாம், அங்கே உங்களை ஏற்கும் ஆய்வாளர் ஒருவர் வேண்டும். வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தின் போஸ்ட்டாக் ஸ்காலர் இடங்கள் 18 மாதம், கெடு அக்டோபர் நடுவில். ஸ்மித்சோனியனில் மூன்று மாதம் முதல் இரண்டு வருடம்வரை கேட்கலாம். ஜப்பானின் அறிவியல் வளர்ச்சிச் சங்கம் (ஜே.எஸ்.பி.எஸ்.) தரும் ஃபெலோஷிப் இன்னொன்று.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக, உங்களை அழைக்கும் ஆய்வாளரோடு சேர்ந்து திட்டத்தை எழுத வேண்டும், அதற்கு நாலைந்து மாதமாவது பிடிக்கும். செப்டம்பர் கெடுவுக்கு ஜூலைக் கடைசியில் ஆள் தேடினால் அவர் மரியாதைக்காகச் சம்மதிப்பார், திட்டம் பல்லிளிக்கும். ஆய்வேடு முடிந்த பிறகு தேடலாம் என்று இருக்காதீர்கள், ஒரு வருடம் முன்பே தொடங்குங்கள்.

எந்தக் கேள்வியோடு போவது என்பதுதான் போஸ்ட்டாக்கில் கஷ்டமான பகுதி. முனைவர் பட்ட வேலையின் நீட்சியை அப்படியே எழுதினால் தேர்வுக் குழு கொட்டாவி விடும். முற்றிலும் புதிதாக எழுதினால் உங்களால் முடியுமா என்று சந்தேகப்படும். ஒரு காலைத் தெரிந்த இடத்தில் ஊன்றிக்கொண்டு இன்னொரு காலைத் தூக்கி வைப்பதுதான் வழி. நட்சத்திர மீன்களின் கதையைப் பாருங்கள். 2013-இல் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் அவை உருக்குலைந்து சாகத் தொடங்கின, சூரியகாந்தி நட்சத்திர மீன் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்தது, அது தின்றுவந்த கடல் முள்ளெலிகள் பெருகிக் கெல்ப் காடுகளை மொட்டையடித்தன. ஒரு வைரஸ்தான் காரணம் என்று முதலில் சொன்னது பிறகு நிற்கவில்லை. 2025-இல்தான் விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியா என்று காட்டினார்கள், அதுவும் நோயுற்ற நட்சத்திர மீனின் உடல் திரவத்தை எடுத்து ஆரோக்கியமான நட்சத்திர மீனுக்குச் செலுத்தி, சூடாக்கிய திரவத்தைக் கண்ட்ரோலாக வைத்துப் பொறுமையாகச் செய்த சோதனைகளில். இப்போது புதிய கேள்விகள் வரிசை கட்டி நிற்கின்றன. வெதுவெதுப்பான நீரில் அது வேகமாகப் பரவுகிறதா, தப்பிப் பிழைத்தவை ஏன் பிழைத்தன, வளர்த்து விட்டால் கெல்ப் திரும்புமா? நோய் தெரிந்த சூழலியலாளருக்கும், வெப்ப அலை தெரிந்தவருக்கும், மரபணு தெரிந்தவருக்கும் அங்கே வேலை இருக்கிறது. மீட்டெடுப்பும் அப்படித்தான். வர்ஜீனியாவின் கடலோர விரிகுடாக்களில் 1930களில் நோயாலும் புயலாலும் அழிந்த கடற்புல்லை, 1999 முதல் 7 கோடிக்கு மேல் விதை தூவி, சுமார் 3,600 ஹெக்டேருக்குத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். எங்கே விதைத்தால் பிடிக்கும், சேறு எவ்வளவு கார்பனைப் புதைக்கும், அடுத்த வெப்ப அலையைத் தாங்குமா என்று இன்னும் எத்தனையோ கேட்கலாம்.

இடம் கிடைத்த பிறகு சம்மதிக்கும் முன் சிலதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், இது இரண்டு பேருக்கும்தான். களநிலையத்தில் தங்கும் செலவு யாருடையது? நீங்கள் சேர்த்த தரவை லேபை விட்டுப் போன பின் பயன்படுத்தலாமா, கட்டுரையில் பெயர் எந்த அடிப்படையில் வரும்? படகில் போகும்போது குறைந்தது எத்தனை பேர், கரையில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், தொலைதூரக் களத்தில் யாராவது தொல்லை கொடுத்தால் யாரிடம் புகார் செய்வது? இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படும் லேப் என்றால், அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், வேறு இடம் பாருங்கள். அந்த லேபை விட்டுப் போன இரண்டு பேரிடமாவது தனியாகப் பேசுங்கள், அங்கே இப்போது இருப்பவர்கள் சொல்லத் தயங்குவதை அவர்கள் சொல்வார்கள்.